டியூப் வைத்தியம்

பல்வலி வந்தவன் இரண்டு நாள் கிராம்பைக் கடித்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறான். காது வலித்தால் அன்றைக்கே போகிறான். நெஞ்சு வலித்தாலோ வீடே திரண்டு கூடப் போகிறது. அரிப்பு வந்தவன் மட்டும் மருந்துக் கடைக்குப் போகிறான். அங்கே இருக்கிற நாலு பேர் காதில் விழாதபடி குனிந்து, "அரிப்புக்கு ஏதாவது குடுப்பா" என்கிறான். எங்கே அரிப்பு, எத்தனை நாளாக அரிப்பு என்று கடைப் பையன் கேட்பதில்லை. பின்னால் திரும்பி ஒரு டியூபை எடுத்துப் போடுகிறான். நோயைப் பார்த்தாயிற்று, மருந்து கொடுத்தாயிற்று, மீதிச் சில்லறையும் வாங்கியாயிற்று. மொத்தம் அரை நிமிஷம்.

இந்த அரை நிமிஷ வைத்தியத்தின் மேல் எனக்குப் பகை உண்டு. அந்தப் பகையை வாசகர்களிடமும் மூட்டிவிட வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். கதை எழுதுகிறவனுக்குச் சொறி சிரங்கைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்த முகச் சுளிப்பும் இந்த வழக்கில் ஒரு குற்றவாளிதான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

என் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு, மழைக் காலத்தில், வேஷ்டி இறுக்கிக் கட்டுகிற இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் சிவப்பாய் ஒரு வட்டம் தோன்றியது. ஓரம் தடித்து, நடு வெளுத்து, சொரிந்தால் சொர்க்கமாகவும் விட்டால் நரகமாகவும் இருந்தது. படர்தாமரை என்று எனக்கே தெரியும். தெரிந்தும் டாக்டரிடம் போகவில்லை, வெட்கம். அடுத்த வீட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். மனிதர் உள்ளே போய்ப் பாதி பிதுங்கிய டியூப் ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தார். "இதைப் போடுங்கோ ஸார். மூணே நாள். மந்திரம் போட்ட மாதிரி ஓடிப் போயிடும்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. முதல் நாள் இரவே அரிப்பு அடங்கிவிட்டது. மூன்றாம் நாள் சிவப்பும் மறைந்தது. நானும் நன்றியுள்ள மனிதன் ஆகையால், அந்த டியூபின் பெயரை இரண்டு நண்பர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். பதினைந்து நாள் கழித்து வட்டம் திரும்பி வந்தது. இந்த முறை தனியாக வரவில்லை. பக்கத்தில் இரண்டு குட்டி வட்டங்களோடு வந்தது. மறுபடி டியூப், மறுபடி மூன்று நாள் சுகம், மறுபடி படையெடுப்பு. ஆறு மாதம் இப்படியே போயிற்று. அதற்குள் வட்டம் வட்டமாகவும் இல்லை. ஓரம் அழிந்து, தொடையிலும் வயிற்றிலும் தேசப்படம் வரைந்தாற்போல் பரவிவிட்டது. டியூப் தடவின இடமெல்லாம் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, பிள்ளைபெற்ற வயிற்றில் விழுவது போன்ற கோடுகள் விழுந்தன. கடைசியில் என் மனைவியின் முழங்கையிலும் ஒரு வட்டம் வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் டாக்டரிடம் போனேன்.

நான் போன இடத்தில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். அந்த அம்மாள் என் உடம்பைப் பார்ப்பதற்கு முன்பு கேட்ட முதல் கேள்வி, "இதுவரைக்கும் என்ன போட்டீங்க?" என்பது. டியூபை நீட்டினேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த பெயரை அவர் பார்க்கவே இல்லை. திருப்பி, எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சடித்திருந்த பின்பக்கத்தை எனக்குக் கேட்கும்படி படித்தார். குளோபீட்டசால் என்கிற ஸ்டீராய்டு, நியோமைசின் என்கிற பாக்டீரியா மருந்து, மைக்கோனசால் என்கிற பூஞ்சை மருந்து. ஒரே குழாயில் மூன்று.

"மூணும் இருந்தால் நல்லதுதானே, டாக்டர்?" என்றேன்.

"எந்தப் பூட்டு என்று தெரியாதவன்தான் சாவிக்கொத்தையே கொடுப்பான்" என்றார். "அதிலும் இந்தக் கொத்தில் ஒரு சாவி உங்கள் கதவைத் திருடனுக்குத் திறந்து விட்டிருக்கிறது."

பிறகு ஒரு மழுங்கிய கத்தியால் வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டினார். தவிடு போல் உதிர்ந்த செதிலைக் கண்ணாடித் தகட்டில் வாங்கி, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசல் ஒரு சொட்டு விட்டார். அது தோலின் செல்களைக் கரைத்து, பூஞ்சை இருந்தால் அதை மட்டும் மிச்சம் வைக்குமாம். சற்று நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் தான் பார்த்துவிட்டு, என்னையும் பார்க்கச் சொன்னார். கிளைவிட்டுக் கிளைவிட்டு, கணுக் கணுவாக, நூலிழைகள். ஆறு மாதமாக மாதம் தவறாமல் காசு கொடுத்து நான் வளர்த்த பயிர்! என் நாற்பது வருஷ எழுத்தில் எதுவும் இவ்வளவு செழிப்பாகப் பரவினதில்லை.

நடந்தது இதுதான். தோலில் பூஞ்சை புகுந்தால் உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுகிறது. சிவப்பும் தடிப்பும் அரிப்பும் அந்தச் சண்டையின் சத்தம். ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது, சண்டையை நிறுத்தும். திருடனைக் கண்டு குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, "ஆகா, தெரு எவ்வளவு அமைதி!" என்று தூங்கப் போகிறவனுடைய வேலையைத்தான் அந்த டியூப் செய்தது. அதற்குள் திருடன் நிதானமாக அறை அறையாகப் போகிறான். கூடவே இருக்கிற பூஞ்சை மருந்து கொல்லாதா என்றால், காவலைக் கலைத்துவிட்டு ஒரே ஒரு சேவகனை நிறுத்தி என்ன பயன்? அதுவும் அரிப்பு நின்றவுடன் நாம் டியூபை மூடிவிடுகிறோமே!

இப்படி உருமாறிப்போன படர்தாமரைக்கு வைத்திய சாஸ்திரத்தில் தனிப் பெயரே உண்டு. 1968-ல் ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் அதற்கு 'டீனியா இன்காக்னிட்டோ' என்று பெயரிட்டார்கள். மாறுவேஷம் போட்ட படர்தாமரை என்று அர்த்தம். வேஷத்தைப் போட்டுவிட்டது வியாதி அல்ல. நாம் தடவின மருந்து.

இதைப் படித்துவிட்டு, ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. அது இன்னொரு மூடத்தனம். 1948-ல் அமெரிக்காவில் ஹென்ச்சும் கெண்டாலும் கார்ட்டிசோனை மூட்டு வாதத்துக்குக் கொடுத்தபோது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1950-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1952-ல் ஸல்ஸ்பெர்கரும் விட்டனும் அந்த வம்சத்து மருந்து ஒன்றைத் தோலின் மேல் தடவிக் கரப்பானை அடக்கிக் காட்டினார்கள். பெம்ஃபிகஸ் என்று உடம்பெங்கும் கொப்புளம் கிளம்புகிற வியாதி ஒன்று இருக்கிறது. ஸ்டீராய்டு வருவதற்கு முன்பு அது வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்ததில்லை. கரப்பான் குழந்தையின் தாயாரைக் கேட்டால் இந்த மருந்தின் அருமையைச் சொல்லுவாள். ஆனால் கத்தி, ரண சிகிச்சை செய்கிறவன் கையில் இருக்கிற வரைக்கும்தான் சிகிச்சை. குளோபீட்டசால் என்பது தடவுகிற ஸ்டீராய்டுகளில் மிகக் கடுமையான ரகம். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போடாதே, முகத்திலும் தொடை இடுக்கிலும் போடாதே என்பது அதனுடைய சட்டம். நான் போட்டது ஆறு மாதம். போட்ட இடமோ போடக்கூடாத இடம்.

என் கட்சி ஒன்றே ஒன்றுதான். மருந்தைக் கேட்பதற்கு முன்பு வியாதியின் பெயரைக் கேட்க வேண்டும். இது அரிச்சுவடிப் பாடம் என்று தோன்றும். ஜுரம் வந்தால் 'டைபாய்டா, மலேரியாவா, டெங்குவா?' என்று கேட்டுத் துளைக்கிற நாம், தோல் விஷயத்தில் மட்டும் அதைக் கேட்பதில்லை. காரணம் எளிது. ஈரலை நாம் பார்த்ததில்லை. தோலைத் தினமும் பார்க்கிறோம். கண்ணுக்குத் தெரிகிறதெல்லாம் நமக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறோம்.

ஒரு வெளுத்த புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். பையனின் கன்னத்திலோ தோளிலோ வெளுப்பாக ஒரு திட்டு. பாட்டி, "தேமல்தான், பூச்சி மருந்து கொடு" என்பாள். அது பூஞ்சையால் வருகிற தேமலாக இருக்கலாம். பூஞ்சை மருந்து போட்டால் போகும். குழந்தைகளுக்குத் தோல் வறண்டு வருகிற சாதாரண வெளுப்பாக இருக்கலாம். எண்ணெய்ப் பசை இருந்தாலே சரியாகலாம். நிறமிச் செல்கள் அழிவதால் வருகிற வெண்புள்ளியாக இருக்கலாம். தொற்றாது, ஆனால் நீண்ட சிகிச்சை வேண்டும். தொழுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். நான்கும் தூரத்தில் பார்த்தால் வெளுப்புதான். தேர்ந்த டாக்டர் செதிலைச் சுரண்டிப் பார்ப்பார். ஒரு பஞ்சுத் திரியால் அந்த இடத்தைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு இருக்கிற பையனிடம் 'தெரிகிறதா?' என்று கேட்பார். தெரியவில்லை என்றால் அது தேமல் இல்லை. ஒரு பஞ்சுத் திரி! அதற்கு என்ன செலவு?

தொழுநோயை இன்றைக்கு ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ கூட்டு மருந்து கொடுத்துக் குணப்படுத்திவிடலாம், மருந்தும் இலவசம். 1981-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்த சிகிச்சை அது. ஆனால் 'தேமல்' என்று சொல்லிக் களிம்பு தடவிக்கொண்டே இரண்டு மூன்று வருஷத்தை ஓட்டினவனுக்குக் கிருமி போனாலும், மரத்துப்போன விரல் திரும்பி வராது. பெயர் தெரியாமல் மருந்து போடுவதன் விலை சில சமயம் ஒரு கை.

வேறு சில சமயம் அதன் விலை ஒரு முகம். என் அக்காவின் பேத்திக்கு இருபத்து மூன்று வயது. மாநிறம், லட்சணமான பெண். அவள் முகத்தில் எந்த வியாதியும் இல்லை. வியாதி சுற்றியிருந்தவர்கள் வாயில் இருந்தது. 'கொஞ்சம் நிறம் மட்டு' என்று ஒருத்தி, 'கலர் வந்தால் ஜோராக இருப்பாள்' என்று இன்னொருத்தி. கல்லூரித் தோழி ஒருத்தி ஒரு கிரீமைச் சொன்னாள். போட்டாள். ஒரே மாதத்தில் முகம் வெளுத்தது. வீட்டில் எல்லாரும் பூரித்துப் போனார்கள். அக்கா எனக்கே போன் பண்ணி, "குழந்தை எப்படி ஆயிட்டா தெரியுமாடா! ரோஜாப்பூ!" என்றாள்.

ரோஜாப்பூ என்பது சரியான வர்ணனைதான். தோல் மெலிந்து உள்ளே இருக்கிற ரத்தக் குழாய்கள் தெரிந்தால் அப்படித்தான் சிவக்கும். ஒன்றரை வருஷத்தில் அந்தப் பெண்ணால் வெயிலில் பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை. அடுப்படி அனல் பட்டால் எரிந்தது. மோவாயில் பூனை முடி, நெற்றி முழுதும் பரு. கிரீமை நிறுத்தினால் மறுநாளே முகம் பழுத்த தக்காளியாகி எரிகிறது, தடவினால் அடங்குகிறது. அதனால் தடவிக்கொண்டே இருந்தாள். கள்ளுக் குடியனுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்?

அந்தக் கிரீமில் இருந்தவையும் மூன்று: ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மோமெட்டசோன் என்கிற ஸ்டீராய்டு. 1975-ல் கிளிக்மன், வில்லிஸ் என்ற இருவர் எழுதின மருந்துச் சீட்டின் வழிவந்தது அது. மங்கு படர்ந்த முகத்துக்கு, டாக்டர் பார்வையில், சில வாரங்களுக்குப் போடுகிற மருந்து. மங்கே இல்லாத முகத்துக்கு, ஒன்றரை வருஷம், அழகு சாதனமாக! இப்படிக் கெட்டுப்போன முகங்கள் நம் நாட்டில் பெருகிப்போய், நம் தேசத்து டாக்டர்களே அதற்கு 'ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்' என்று ஒரு நோய்ப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களை ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார்கள். அவள் என்னிடம், "தாத்தா, எனக்குப் பழைய கலரே வந்தால் போதும்" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டபோது, அவளைக் 'கொஞ்சம் நிறம் மட்டு' என்று சொன்ன ஒவ்வொரு நாக்கின் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. என் நாவல்களில் கதாநாயகிகளை எல்லாம் சிவப்பாகவே படைத்த என் பேனாவின் மேலும் வந்தது.

சர்க்கார் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். செய்யாமல் இல்லை. மேலே பூசுகிற மருந்துகளுக்கு முன்பு சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. சீட்டு இல்லாமல் விற்கலாம். தோல் டாக்டர்கள் சங்கம் வெகு காலம் முறையிட்ட பிறகு, 2018-ல் 14 ஸ்டீராய்டுகளுக்கு அந்தச் சலுகை பறிக்கப்பட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்கிற அட்டவணையில் அவை சேர்ந்தன. சட்டம் வந்த பிறகுதான் நான் என் டியூபை வாங்கினேன். ஆறு மாதத்தில் எத்தனையோ டியூப். ஒரு தடவையாவது ஒரு கடையிலாவது யாராவது சீட்டுக் கேட்டிருந்தால், என் இடுப்பில் இருந்த ஒரு வட்டம் ஒரு வட்டமாகவே நின்றிருக்கும். கேட்கவில்லை. நானும், கேட்காததை ஒரு சௌகரியமாகவே நினைத்தேன். சட்டத்தை மீறினவர்கள் கல்லாவுக்கு அந்தப் பக்கம் மட்டும் நிற்கவில்லை.

இது என் ஒருவன் தோலோடு போகிற விஷயமும் அல்ல. முன்பெல்லாம் படர்தாமரைக்கு டெர்பினாஃபின் என்கிற மாத்திரை சில வாரங்களில் வேலை செய்துவிடும். இப்போது அந்த மருந்துக்கு அடங்காத ஒரு பூஞ்சை இனம் கிளம்பியிருக்கிறது. 2020-ல் அதற்கு வைத்த பெயர் 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே'. பெயருக்குள் நம் தேசத்தின் பெயர் இருப்பதைக் கவனித்தீர்களா? 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பேரிடம் அதைக் கண்டுபிடித்து, அமெரிக்க அரசின் சுகாதார இலாகா எச்சரிக்கை எழுதியது. அந்த இருவரில் ஒருவர் வெளிநாடே போகாதவர். கண்டபடி பிதுக்கப்பட்ட இந்தக் கலவைக் களிம்புகளுக்கும் இப்பூஞ்சையின் பெருக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று தோல் நிபுணர்கள் பலர் கருதுகிறார்கள். பருத்தியும் மிளகும் அனுப்பின நாடு இப்போது படர்தாமரையும் அனுப்புகிறது.

எனக்கு வருகிற பதில்கள் தெரியும். "ஸார், நீங்கள் வசதியுள்ளவர். தினக்கூலிக்காரன் ஸ்பெஷலிஸ்டுக்கு எங்கே போவான்? மருந்துக் கடைதானே ஏழையின் டாக்டர்?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மாத டியூபுக்கு நான் கொடுத்த பணம், டாக்டர் பீஸைவிட அதிகம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு இருக்கிறது, பீஸ் கிடையாது, போனால் அரை நாள் போகும். அரை நாள் கூலி பெரிது என்பதை நான் மறுக்கவில்லை. குணமாகாத மருந்தை மலிவு என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன். ஏழையின் டாக்டர் என்று பட்டம் கட்டி, ஏழைக்கு வியாதியை விற்பது தர்மம் ஆகாது.

டாக்டர்களையும் நான் விடுவதாக இல்லை. நோயாளி நாற்காலியில் உட்காருவதற்குள் சீட்டு எழுதி முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லாமல், வெளிச்சத்தில் நிறுத்திப் பார்க்காமல், "அலர்ஜி" என்ற ஒரே சொல்லில் சகலத்தையும் அடக்கிவிடுகிறவர்கள். அவர்களும் அதே மூன்று மருந்துக் கலவையைத்தான் எழுதுகிறார்கள். அப்படிச் செய்கிற டாக்டருக்கும் கடைப் பையனுக்கும் வித்தியாசம், பையன் பீஸ் வாங்குவதில்லை என்பதுதான்.

ஆனால் பெரிய குற்றவாளி நாம்தான், வெட்கப்படுகிற நாம். தோல் வியாதி என்றால் அசுத்தம், தோல் வியாதி என்றால் பாவம் என்று தலைமுறை தலைமுறையாக முகம் சுளித்தோம். அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான் மனிதன் ரகசியமாகக் கடைக்குப் போகிறான். பெண்பிள்ளைகள் மாதக் கணக்கில் சொல்லாமல் இருக்கிறார்கள். வெட்கம் இருக்கிற இடத்தில் அரை நிமிஷ வைத்தியன் கடை விரிப்பான்.

என் கதையின் முடிவு: டியூபை நிறுத்தினேன். முதல் இரண்டு வாரம் அரிப்பு உயிரை வாங்கிற்று. டாக்டர் அம்மாள் மாத்திரையும், ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பும் கொடுத்தார். வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு விரற்கடை தள்ளித் தடவச் சொன்னார். மனைவிக்கும் சேர்த்துச் சிகிச்சை, துண்டு தனித்தனி, துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தல். வட்டம் மறைந்த பிறகும் நிறுத்தக் கூடாது என்றார். நான்கு மாதம் ஆயிற்று. பூஞ்சை போய்விட்டது, கோடுகள் போகவில்லை. அவை போகாதாம். அக்கா பேத்திக்கும் முகம் மெல்லத் தேறி வருகிறது. அவளுடைய பழைய நிறம் திரும்பிக்கொண்டிருக்கிறது. இப்போது அதைப் பார்த்து வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒரு பழைய நண்பர் என்னைத் தூணோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். நான் ஒரு காலத்தில் டியூப் பெயர் எழுதிக் கொடுத்த இருவரில் ஒருவர். "ஸார், அந்த மருந்து பேர் மறந்து போச்சு. கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். பையனுக்கும் வந்திருக்கு" என்றார்.

பையனுக்கு வந்ததற்கு நானும் பொறுப்பு என்பது எனக்குத் தெரியும். பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தேன். மருந்தின் பெயரை அல்ல. டாக்டர் அம்மாளின் விலாசத்தை. அவர் அதைப் படித்துவிட்டு, "இதுக்குப் போய் டாக்டரா?" என்றார்.

அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.